மோகிஹானா பாடிய அன்று திறந்த கதவுகள்

என் தலைமேல் சத்தியம், இரண்டு முழங்கால்கள்மேல் சத்தியம், வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்கள்மேல் சத்தியம்: நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பிலிபோ கதை கட்டுகிறவன் என்று லாஸ் வேகாஸில் இருக்கும் எங்கள் தீவுக்காரர்கள் சிலர் சொல்லித் திரிவது எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னவர்களில் மூன்று பேர் ஏற்கெனவே செத்துப்போனார்கள். மற்றவர்கள் யோசித்துப் பேசுவது அவர்களுக்கு நல்லது.

என் தங்கை மகள் கேஹாவு எங்கள் தீவு நடனமான ஹூலாவைச் சொல்லிக்கொடுக்கிறாள். வயது முப்பத்தெட்டு. ஆசிரியை என்பதால் எல்லோரும் அவளைக் ‘குமு’ என்று கூப்பிட வேண்டும். தாய்மாமனாகிய நானும் வகுப்பு நேரத்தில் அப்படித்தான் கூப்பிட வேண்டும். மறந்துவிட்டால், சுரைக்குடுக்கையைத் தட்டித் தாளம் போடுகிற அதே கையால் என் முதுகிலும் தாளம் போடுவாள். பள்ளி இருந்தது ஒரு கடைத்தொகுதியில். இடப்பக்கம் போனி என்ற பிலிப்பைன்ஸ்காரரின் துணி துவைக்கும் கடை. வலப்பக்கம் பல் டாக்டர். மூலையில் பத்து நிமிடத்தில் கல்யாணம் செய்துவைக்கும் சின்னத் தேவாலயம். எதிரே கார் நிறுத்தும் தார்த் தரை.

எங்கள் பள்ளியின் முன்கதவு மட்டும் அந்தக் கடைத்தொகுதியைச் சேர்ந்ததில்லை. அது மொலோகாய் தீவில் இருந்த என் தாத்தா வீட்டுக் கதவு. எங்கள் மலைக்காட்டு மரம், நாலு ஆள் கனம். வீட்டை இடித்தபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே மாட்டினோம். பின்கதவு பக்கத்து இரும்புக்கடையில் வாங்கிய தகரம். முன்கதவின் தாழ்ப்பாளைத் தூக்குவது என் வேலை. சம்பளம் கிடையாது, மரியாதையும் கிடையாது.

ஏனென்றால் அந்தத் தாழ்ப்பாளை நினைத்தபோதெல்லாம் தூக்க முடியாது. வெளியே நிற்கிறவர் வாசற்பாட்டு பாடி அனுமதி கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் குமுவுக்கு மனம் ஒப்பினால் மறுபாட்டு பாடுவாள். அதற்குப் பிறகுதான் என் கை தாழ்ப்பாளுக்குப் போகலாம். கேட்கிறவர் பாட்டில் உயிர் இல்லையென்றால் மறுபாட்டு வராது. நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஒருமுறை ஓர் ஆளை ஒன்றரை மணி நேரம் வெளியே நிறுத்திவைத்தாள். அவன் படிக்க வந்தவன்கூட இல்லை, பீட்சா கொண்டுவந்தவன்.

இது தினசரி நடப்பது. ஆனால் ஒருவர் தானே குமுவாகும் நாளில் வாசலில் தன்னந்தனியாக நின்று பாட வேண்டும். ஒரே நாள்தான். பொழுது மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் கதவு திறக்கவில்லையென்றால் வீட்டுக்குப் போய்விட வேண்டும்; ஆயுளுக்கும் மறுபடி கேட்கக் கூடாது. எங்கள் குடும்பத்து வழக்கம் அப்படி.

அன்று நின்றவள் மோகிஹானா. அறுபத்தொரு வயது. சூதாட்ட விடுதியில் கறுப்பு ‘போ’ டை கட்டிக்கொண்டு இரவு முழுக்கச் சீட்டுப் போடுகிறவள். பதினொரு வருடமாக, வேலை முடிந்து அப்படியே வகுப்புக்கு வந்துவிடுவாள். யூட்டாவில், உப்புப் பாலைவனத்து ஓரமாக இருக்கும் ஓர் ஊரில், எங்கள் தீவுப் பெண்கள் பதினாறு பேர் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் யூடியூபைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மோகி வருவாள் என்று நம்பி அவர்கள் ஒரு ஹாலைக்கூடப் பிடித்துவிட்டார்கள். கதவு திறந்தால் அவள் குமுவாகப் போவாள். திறக்காவிட்டால் அந்தப் பதினாறு பேருக்கும் யூடியூப்தான்.

ஆகஸ்ட் மாதம். நூற்றுப் பதினேழு டிகிரி. புறாக்கள் பறப்பதை விட்டுவிட்டு, காருக்குக் கார் நிழலில் நடந்தே போய்வந்துகொண்டிருந்தன.

“அங்கிள், கால் நடுங்குது,” என்றாள் மோகி.

“செருப்பக் கழட்டாத. தார் உருகிக் கிடக்கு, ஒட்டிக்கும்.”

“வெறுங்காலோடதான் நிக்கணும்னு குமு சொல்லிட்டாங்க.”

“அப்ப ரொம்ப நல்லது. நடுவுல பயந்து ஓட முடியாது.”

“ஆறுதல் சொல்றீங்களா, இல்ல வழியனுப்பறீங்களா?”

பின்கதவு வழியாக உள்ளே போய்த் தாழ்ப்பாள் பக்கத்தில் நின்றேன். கேஹாவு பாயில் சம்மணமிட்டு, சுரைக்குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தாள். வெளியே மோகி தொடங்கினாள்.

எங்கள் வீட்டு வாசற்பாட்டு பழையது. மேட்டு நிலத்துப் பனிமூட்டத்தில் நிற்கிறேன், குளிர் என் தோளைக் கடிக்கிறது, மழை என் கூந்தலில் வடிகிறது, உள்ளே யாராவது இருந்தால் குரல் கொடுங்கள் என்று வரும். ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று கேட்டது போல ஒருநாளும் கேட்டதில்லை. என் கை மயிர் அத்தனையும் எழுந்து நின்றது. அந்த வயதில் என் உடம்பில் தானாக எழுந்து நிற்கக்கூடியது அது ஒன்றுதான்.

பாட்டு முடிந்ததும் வெளியே ‘டக்’ என்று ஒரு சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிறுத்தியிருந்த நாற்பத்துமூன்று கார்களின் டிக்கியும் ஒரே நேரத்தில் திறந்து நின்றன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“குமு,” என்றேன்.

“மூச். முதல் தடவைக்குப் பதில் சொல்றதில்ல.”

“இல்ல, டிக்கி…”

“மாமா!”

மோகி இரண்டாம் முறை பாடினாள். இம்முறை குரலில் கெஞ்சல் இன்னும் கூடியிருந்தது. கடைசி வரி முடிவதற்குள் எங்கள் தகரப் பின்கதவு படாரென்று திறந்து சுவரில் மோதியது. அதன் வழியாக, இடுப்புவரை நனைந்து, தோளில் யாரோ ஒருவருடைய கவுனோடு போனி ஓடிவந்தார்.

“அங்கிள்! முப்பத்தாறு மிஷினும் ஓடிட்டிருக்கும்போதே வாயைப் பொளந்துடுச்சு! கடை பூரா நுரை! மிஸஸ் பட்டர்ஃபீல்டு துணி மடிக்கற மேஜைல மிதந்து போறாங்க!”

“எந்தப் பக்கம் போறாங்க?”

“அங்கிள், அதுவா இப்ப முக்கியம்!”

நான் பின்பக்கமாக வெளியே வந்து சுற்றிப் பார்த்தேன். பார்த்தவன் பேயறைந்தவன் போல நின்றுவிட்டேன். பல் டாக்டர் வீதிக்கே வந்துவிட்டார். அவருடைய நாற்காலியில் இருந்தவர், காத்திருந்தவர்கள், துணைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் வாய் ‘ஆ’வென்று திறந்து அப்படியே நின்றுவிட்டதாம். மூடவே முடியவில்லையாம். முப்பது வருடத் தொழிலில் இப்படியொரு ஒத்துழைப்பைப் பார்த்ததில்லை என்றார். சொல்லும்போது அவர் கண்ணில் நீர். தேவாலயத்தின் இரட்டைக் கதவு திறந்துகொண்டது. உள்ளேயிருந்து மாப்பிள்ளை ஓடிவந்தான். திறந்திருந்த டிக்கிகளில் ஒன்றில் ஏறிப் படுத்துக்கொண்டான். பின்னாலேயே வந்த மணப்பெண் நிதானமாக மோகியிடம் போய், “ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி, நானும் எப்படிச் சொல்றதுன்னுதான் தவிச்சிட்டிருந்தேன்,” என்று சொல்லிவிட்டு எதிர்த்திசையில் நடந்தாள்.

மோகி யாரையும் பார்க்கவில்லை. அவள் கண் எங்கள் கதவின்மேல்தான் இருந்தது. அதில் ஓர் அசைவும் இல்லை.

மூன்றாம் முறை பாடினாள். நான் ஓடி உள்ளே வந்தேன். கேஹாவுவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் மறுபாட்டைப் பாடினாள். ‘வா, உன் குரல் கேட்டது, பாய் விரித்திருக்கிறது.’ அவ்வளவுதான், மோகி குமுவாகிவிட்டாள் என்று நினைத்தேன். தாழ்ப்பாளைத் தூக்கினேன்.

கதவு திறக்கவில்லை.

தள்ளினேன். இழுத்தேன். தோளைக் கொடுத்தேன். தோள் போனதுதான் மிச்சம்.

“மாமா, தாழ்ப்பாளத் தூக்கினீங்களா?”

“தூக்கிட்டேன்.”

“அப்ப ஏன் தொறக்கல?”

“எங்க தாத்தா வீட்டுக் கதவும்மா. அவரும் இப்படித்தான். நம்ம சொன்னா கேக்க மாட்டாரு.”

கேஹாவு எழுந்து வந்து கதவைப் பார்த்தாள். பிறகு உதைத்தாள். பிறகு ஒற்றைக் காலில் நின்றாள். போனியும் அவர் கடையில் நனைந்த நாலு பேரும் வெளியிலிருந்து தள்ளினார்கள். கதவு, தள்ளத் தள்ள, இன்னும் ஒரு விரற்கடை உள்வாங்கி நிலையில் இறுகிக்கொண்டது. குமு பதில் சொன்ன பிறகும் கதவு மறுத்தது என்று எங்கள் வம்சத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

“பின்கதவுதான் தொறந்து கிடக்கே, அப்படி வந்துடச் சொல்லட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“பின்வாசல் வழியா வந்தவளுக்கு குமுன்னு பேரில்ல மாமா. திருடின்னு பேரு.”

மோகி விடவில்லை. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. ஒவ்வொரு முறைக்கும் இன்னும் கொஞ்சம் தூரத்தில் ஏதாவது திறந்தது. செல்லப்பிராணிக் கடையின் கூண்டுகள் திறந்து, நூற்றுப்பத்துக் கிளிகள் வந்து எங்கள் கூரையில் உட்கார்ந்து கேட்டன. விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்த விமானங்களெல்லாம் கதவைத் திறந்து படிக்கட்டுக்கு ஏங்கின என்று ரேடியோவில் சொன்னார்கள். அப்புறம் பள்ளியின் போன் அடித்தது. எடுத்தேன்.

“ஐயா, நான் அணைக்கட்டுலேர்ந்து பேசறேன். அங்க ஒரு அம்மா பாடறாங்களாமே?”

“ஆமா.”

“கொஞ்சம் நிறுத்தச் சொல்ல முடியுமா? ரெண்டு மதகு தானாத் தூக்கிடுச்சு. மூணாவது யோசிச்சிட்டிருக்கு.”

எங்கள் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொழுது மலைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நின்றபோது போலீஸ் வந்தது. டெல்காடோ என்று ஒரு போலீஸ்காரம்மா. வண்டியின் நாலு கதவும் இறக்கை போல விரிந்திருக்க, ஒரு கையால் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டே ஓட்டி வந்தாள். இடுப்பிலிருந்த கைவிலங்கு திறந்து தொங்கியது. பின்கதவு வழியாக வெளியே வந்து நின்ற என்னிடம் நேராக வந்தாள். வயதானவன்தான் பொறுப்பானவன் என்று வெளியாட்கள் நினைத்துவிடுகிறார்கள்.

“தாத்தா, அந்தம்மா என்னதான் பாடறாங்க? எனக்கு எழுதிக் குடுக்கணும்.”

“உள்ள விடச்சொல்லிக் கேக்கறா.”

“வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க.”

சொன்னேன். பனிமூட்டம். தோளைக் கடிக்கிற குளிர். கூந்தலில் வடிகிற மழை. டெல்காடோ எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். தன் பூட்ஸைப் பார்த்தாள். அடிப்பாகம் உருகித் தாரோடு தாராகியிருந்தது. மோகியின் நெற்றியைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள், ஒரு மேகம் இல்லை.

“பொய் சொல்றாங்களே,” என்றாள்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். கிளிகள்கூட.

ஐயா, என் நெஞ்சு அப்போது அடித்த அடி எனக்குத்தான் தெரியும். டிக்கி திறந்தபோது அடித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால், ஏப்ரலில், இதே ஊரில் என் தங்கை அந்தப் பாட்டைக் கேஹாவுவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து இந்தப் பாலைவனத்தில் எத்தனை பேர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே, ‘விறைத்துப்போகிறேன்’ என்று பாடியிருப்பார்கள்! ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. ஒரு போலீஸ்காரி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

கதவு ஏன் முரண்டு பிடித்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஊரிலுள்ள மற்ற கதவுகளுக்கு எங்கள் மொழி தெரியாது. ஒரு கிழவி உருகி உருகி அழுகிறாள் என்பது மட்டும் அவற்றுக்குப் புரிந்தது, இரக்கப்பட்டுத் திறந்துவிட்டன. எங்கள் கதவு மொலோகாய்க் கதவு. அதற்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். மற்ற நாளில் கும்பலாகப் பாடும்போது போனால் போகிறதென்று விட்டிருக்கும். இன்று குமுவாகப் போகிறவள், வாசலில் நின்றே பொய் சொல்கிறாள். அது எப்படித் திறக்கும்?

கேஹாவு பின்பக்கமாகச் சுற்றி வாசலுக்கு வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

“நான்தான் சொல்லிக்குடுத்தேன்,” என்றாள். “பன்னெண்டு வருஷமா எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”

“குமு, இப்ப என்ன செய்யட்டும்?” மோகியின் குரல் காய்ந்திருந்தது. “‘குளிர்’ங்கற இடத்துல ‘சூடு’ன்னு போட்டுக்கட்டுமா?”

“ஒரு அசைய மாத்தினாலும் கன்னத்துல அறைவேன். அது பெரியவங்க பாட்டு.”

“குமுவுக்கு இருபத்துமூணு வயசு மூத்தவ நான்.”

“ரெண்டு கன்னத்துலயும் அறைவேன்.”

பொழுது இரண்டு விரல் உயரத்துக்கு இறங்கிவிட்டது. டெல்காடோ, கைதுசெய்வதா வேண்டாமா என்று தெரியாமல், மோகிக்குத் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். மோகி வாங்கவில்லை. குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். இரண்டும் கணுக்கால்வரை தாரில் புதைந்திருந்தன.

“சரி,” என்றாள். “அத மாத்த வேணாம். அது அங்க, அந்த மலைல நின்னவங்க கேட்டது. நான் இங்கல்ல நிக்கறேன்.”

பாட ஆரம்பித்தாள். புதிதாக, அந்த இடத்திலேயே கட்டிய பாட்டு. தார் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டது. செம்பாறை மலைக் காற்று அடுப்புக்குள்ளிருந்து வருகிறது. சோப்பு நுரை மணக்கிறது. இரவெல்லாம் சீட்டுப் போட்ட கை இது. பதினொரு வருடம் இந்த வாசலுக்கு வந்தேன். தாகமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்ததைக் கேட்கப் பதினாறு பேர் காத்திருக்கிறார்கள். உள்ளே யாராவது இருந்தால் குரல் கொடுங்கள்.

உள்ளதைச் சொல்கிறேன், அழகாக இல்லை. இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. ஓர் இடத்தில் இருமினாள். ஆனால் அவள் பாடப் பாட, நாற்பத்துமூன்று டிக்கிகளும் ஒவ்வொன்றாக மெதுவாக மூடிக்கொண்டன, மாப்பிள்ளையோடு சேர்த்து. துவைக்கும் மிஷின்கள் மூடின. வாய்கள் மூடின. மறுநாள் அணைக்கட்டுக்காரர் போன் செய்து, மூன்றாவது மதகு மனத்தை மாற்றிக்கொண்டதாகச் சொல்லி நன்றி தெரிவித்தார்.

“குமு, மறுபாட்டு!” என்று கத்தினேன். “உள்ள போய்ப் பாடு!”

கேஹாவு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

“மாமா, பின்கதவும் மூடிக்கிச்சு!”

“சாவி?”

“உள்ள இருக்கு!”

தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தாரில் என் கால்சட்டை ஒட்டிக்கொண்டது. சூரியன் மலை விளிம்பைத் தொட்டுவிட்டது. குமு வெளியே, நான் வெளியே, உள்ளே ஓர் ஈ காக்கா இல்லை. வாசலுக்கு வெளியே நின்று மறுபாட்டு பாடினால் செல்லாது. பதினொரு வருடமும் பதினாறு பெண்களும் ஒரு தகரக் கதவின் சாவியால் போனார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது உள்ளேயிருந்து மறுபாட்டு கேட்டது.

கேஹாவு என் தோளைப் பிடித்துக்கொண்டாள், போன தோளை. டெல்காடோ தொப்பியைக் கழற்றினாள். போனி சிலுவை போட்டுக்கொண்டார். உள்ளே இருந்து வந்தது கனத்த, தாழ்ந்த, கரகரத்த குரல். என் தாத்தாவின் குரல் என்று சொல்ல மாட்டேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. தாத்தாவுக்கு ஒருநாளும் சுருதி சேராது. இது சுருதி சுத்தமாக இருந்தது. பாடியது கதவு. மர ரேகைகள் அசைவதை நான் கண்ணால் பார்த்தேன். ‘வா, உன் குரல் கேட்டது, பாய் விரித்திருக்கிறது’ என்று பாடி முடித்து, தாழ்ப்பாளைத் தானே தூக்கிக்கொண்டு, கதவு அகலத் திறந்தது.

மோகி தாரிலிருந்து ஒரு காலைப் பிடுங்கினாள், மறு காலைப் பிடுங்கினாள், நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனாள். நானும் கேஹாவுவும் பின்னாலேயே ஓடினோம். கதவு எங்கள் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது.

“மோகி! நாங்கதான்!” என்றேன்.

உள்ளேயிருந்து அவள் சொன்னாள்: “யாரா இருந்தாலும் வாசல்ல நின்னு கேக்கணும் அங்கிள்.”

கேஹாவு என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். தன் சொந்தப் பள்ளியின் வாசலில், உருகிய தாரில் வெறுங்காலோடு நின்று, தான் நிற்கும் இடத்தை உள்ளபடி சொல்லிப் பாடினாள். அவள் வாசலில் நின்று அழுதுகொண்டே பாடியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மோகி முதல் தடவைக்குப் பதில் சொல்லவில்லை. இரண்டாவது தடவைக்கும் சொல்லவில்லை. மூன்றாவதுக்குச் சொன்னாள்.

அடுத்த வாரம் அவள் யூட்டாவுக்குப் போனாள். பதினாறு பேர் இப்போது பத்தொன்பது பேர். அங்கே வாசலில் நிற்கிறவர்கள் உப்பைப் பற்றிப் பாடுகிறார்களாம்.

இவ்வளவு சத்தியம் செய்த பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன்: கேஹாவு ஹூலா சொல்லிக்கொடுப்பது, தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, நகராட்சிப் பூங்காவில் இரண்டு சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே இருக்கும் புல்தரையில். அதற்குச் சுவரோ கதவோ இருந்ததில்லை.